எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் நுரையீரலில் பூஞ்சை: ஊர் டாக்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

குடியாத்தத்தில் நான் பொது மருத்துவம் பார்க்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பீடி சுற்றும் பெண்கள், தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள். பேரணாம்பட்டுப் பக்கமிருந்து தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறவர்களும் வருவார்கள். நாள்பட்ட இருமல், காய்ச்சல், எடைக் குறைவு என்று சொன்னாலே எங்கள் மனசு டி.பி.க்குத்தான் போகும். போகத்தான் வேண்டும், இங்கே அது அவ்வளவு சாதாரணம். ஆனால் எதிர்ப்புச் சக்தி குறைந்துபோன ஒருவர் அதே இருமலோடு வந்தால், டி.பி.யோடு சேர்த்துப் பூஞ்சையையும் அன்றைக்கே நினைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து நினைத்தால் பல பேருக்கு அது பயன்படாமல் போய்விடுகிறது.

என்னைப் போலத் தாலுகா ஊர்களில் உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நோயாளியின் வீட்டார் படித்தாலும் புரியும். மருந்தின் அளவுகள் மட்டும் டாக்டருக்கு உரியவை. அவற்றைப் பார்த்து யாரும் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

முதலில் பையைக் கொட்டுங்கள்

ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் நான் செய்கிற வேலை, நோயாளியின் மாத்திரைப் பையை மேஜை மேல் கொட்டிப் பார்ப்பது. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்டால் "சுகருக்கும் பி.பி.க்கும்தான்" என்பார்கள். பையைக் கொட்டினால்தான் மற்றது வெளியே வரும்.

சில வருடங்களுக்கு முன் ஐம்பது வயது மதிக்கத்தக்க, பீடி சுற்றும் ஒரு அம்மா வந்தார். மூன்று வாரமாக வறட்டு இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். வேறொரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் டி.பி. மருந்து ஆரம்பித்திருந்தார்கள். நானும் அதையே தொடரச் சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தபோதுதான் பையைக் கேட்டேன். மஞ்சள் துணிப்பைக்குள் டி.பி. மாத்திரை அட்டைகள், அவற்றின் அடியில் பழைய நியூஸ் பேப்பரில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் பெயர் இல்லாத வெள்ளை மாத்திரை மூன்று, கூடவே ஒரு மஞ்சள் மாத்திரை. "கை மூட்டு வலிக்கு டாக்டரம்மா, எட்டு மாசமா அதுதான், அது போட்டாத்தான் இலை வெட்ட முடியுது" என்றார். முகத்தைப் பார்த்தேன். கன்னம் உப்பி, கைத் தோல் மெலிந்து, ரத்தம் கட்டிய நீலத் திட்டுகள். எட்டு மாத ஸ்டீராய்டு. அந்த மூன்று நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

ஸ்டீராய்டு கணக்கு ஒன்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பிரெட்னிசலோன் ஒரு நாளைக்கு 20 மி.கி. அல்லது அதற்கு மேல், நான்கு வாரம் தாண்டிப் போனால் நுரையீரல் பூஞ்சைக்குக் கதவு திறந்தாயிற்று. டெக்ஸாமெதசோன் 0.5 மி.கி. மாத்திரை ஆறு போட்டால் அந்த 20 மி.கி.க்குச் சமம். கடை மாத்திரையில் இந்த அளவு வெகு சுலபமாக வந்துவிடும். ஒன்று கவனம்: கண்டுபிடித்த கோபத்தில் ஸ்டீராய்டை அன்றே நிறுத்தச் சொல்லாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டவரின் அட்ரினல் சுரப்பி தூங்கிக் கிடக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து, பூஞ்சைக்கு முன்னால் அதுவே ஆளைக் கொண்டுபோய்விடும்.

ஸ்டீராய்டு தவிர வேறு யார் யார்? கீமோ எடுத்து வெள்ளணுவில் நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே பத்து நாளுக்கு மேல் கிடந்தவர்கள். எலும்பு மஜ்ஜை, சிறுநீரக மாற்றுச் செய்துகொண்டவர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களில் சி.டி.4 என்ற வெள்ளணு எண்ணிக்கை 200-க்குக் கீழே போனவர்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரை, முக்கியமாகக் கீட்டோன் ஏறியவர்கள். வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதெல்லாம் தூரத்துச் சங்கதி இல்லை. 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது வேலூர் சி.எம்.சி.யில்தான். 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று தெரிய வந்ததும் அங்கே செய்த பரிசோதனையில்தான். அந்த நோயாளிகள் சிகிச்சை முடிந்து நம் ஊர்களுக்குத்தான் திரும்புகிறார்கள். முதல் காய்ச்சலுக்கு அவர்கள் தட்டுகிற கதவு நம்முடையது.

எந்த ஊர் என்று கேட்பதும் நோயறிதலில் சேரும். சிகிச்சைக்காகக் காட்பாடியில் ரயில் இறங்கி, மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளத்துக்காரர்கள் நம் பக்கத்து டாக்டர்களிடமும் வருவார்கள். கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவருக்கு ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையையும், மணிப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த எச்.ஐ.வி. நோயாளிக்கு, முகத்தில் நடுவில் குழி விழுந்த சிறு கட்டிகள் இருந்தால் டாலரோமைசிஸ் என்ற பூஞ்சையையும் நினைக்க வேண்டும். இரண்டுமே டி.பி. போலவே வேஷம் போடும்.

நடக்க வைத்துப் பாருங்கள்

அந்த அம்மாவின் நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் ஒன்றுமே கேட்கவில்லை. சுத்தமான மூச்சுச் சத்தம். உட்கார்ந்த நிலையில் ஆக்சிமீட்டர் 96. "உக்காந்தா ஒண்ணும் இல்ல, பாத்ரூம் போய்ட்டு வந்தாலே மூச்சு இஸ்துக்குது" என்றார். அந்த ஒரு வாக்கியம் போதும். ஆக்சிமீட்டரை விரலிலேயே விட்டு, வராண்டாவில் நடக்கச் சொன்னேன். நான்காவது முறை திரும்பும்போது 91. சுவரைப் பிடித்து நின்றபோது 86.

இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள், மருதாணி அடர்த்தியாக இருந்தால் வேறு விரலுக்கு மாற்றுங்கள். அலை சீராக ஓடிய பிறகுதான் எண்ணை நம்ப வேண்டும். நடந்து நின்ற பிறகும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள், பல பேருக்கு நின்ற பிறகுதான் இறங்கும். நான்கு புள்ளி இறங்கினாலே எனக்கு அது பெரிய செய்தி. உட்கார்ந்திருக்கும்போதே 94-க்குக் கீழே உள்ளவரை நடக்க வைக்காதீர்கள், அவருக்கு ஆக்சிஜன் வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

நெஞ்சில் சத்தமில்லை, வறட்டு இருமல், நடந்தால் ஆக்சிஜன் இறங்குகிறது: இந்த மூன்றும் சேர்ந்தால் நியூமோசிஸ்டிஸ் நிமோனியா என்று சந்தேகப்படுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இது வாரக்கணக்கில் மெல்ல வளரும். ஸ்டீராய்டு, கீமோ, மாற்று உறுப்பு உள்ளவர்களுக்கு நாலைந்து நாளில் மூச்சை முட்டவைத்துவிடும். இவர்களுக்கு எண்ணிக்கையில் கிருமி குறைவாகத்தான் இருக்கும், ஆனால் சேதம் அதிகம். 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த இந்த நிமோனியாதான் எய்ட்ஸ் என்ற நோயையே உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது.

மற்றப் பூஞ்சைகள் வேறு மாதிரி வரும். ஆஸ்பர்ஜில்லஸ் என்றால் நெஞ்சில் மூச்சிழுத்தால் குத்தும் வலி, சளியில் ரத்தம். மியூக்கர், அதாவது கறுப்புப் பூஞ்சையும் அப்படித்தான், கூடவே கன்ன வலி, மூக்கடைப்பு, மூக்கில் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2021-ல் கோவிட் இரண்டாம் அலையின்போது தமிழ்நாடு அரசு இதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது எல்லோரும் கண்ணையும் மூக்கையும்தான் பார்த்தோம், நுரையீரலிலும் அது அதே வேகத்தில் திசுவை அழுகவைக்கும். கிரிப்டோகாக்கஸ் என்றால் இருமலோடு தலைவலியையும் கேளுங்கள்.

படமும் மாதிரியும்

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். நியூமோசிஸ்டிஸில் ஆரம்ப எக்ஸ்ரே முழுக்கச் சரியாகவே இருக்கலாம். சி.டி. ஸ்கேன்தான் பேசும். இரண்டு பக்கமும் பாலாடை படிந்த கண்ணாடி போன்ற மங்கல் தெரிந்தால் நியூமோசிஸ்டிஸ். ஒரு கட்டியும் அதைச் சுற்றி மங்கலான வளையமும் என்றால், நியூட்ரோஃபில் குறைந்த நோயாளிக்கு அது ஆஸ்பர்ஜில்லஸ். அதே கட்டி தலைகீழாக, நடுவில் மங்கலும் ஓரத்தில் கெட்டியுமாக இருந்தால், கூடவே நெஞ்சுக்கூட்டில் நீரும் இருந்தால் மியூக்கர் பக்கம் யோசியுங்கள். படம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது, எதைத் தேட வேண்டும் என்று சொல்லும். கீமோ நோயாளிக்கு ஆன்டிபயாடிக் போட்டு நான்கு நாள் ஆகியும் காய்ச்சல் விடவில்லை என்றால் ஐந்தாம் நாளுக்குக் காத்திருக்காமல் சி.டி. எடுங்கள்.

ரத்தத்தில் என்ன பார்க்கலாம்? எல்.டி.எச். என்ற நொதி ஏறியிருப்பது நியூமோசிஸ்டிஸுக்குத் துணைச் சான்று. பீட்டா டி குளுக்கன் என்ற பரிசோதனை இயல்பாக இருந்தால் நியூமோசிஸ்டிஸ் அநேகமாக இல்லை எனலாம். காலக்டோமன்னன் ஆஸ்பர்ஜில்லஸுக்கு, ரத்தத்தில் 0.5 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். ஆனால் இந்த இரண்டு பரிசோதனையும் மியூக்கரைக் காட்டாது. இரண்டும் நெகட்டிவ், நோயாளிக்குச் சர்க்கரை 400, நுரையீரலில் குழி என்றால், அந்த நெகட்டிவ்தான் உங்களுக்கு எச்சரிக்கை. கிரிப்டோகாக்கஸுக்கு ஆன்டிஜென் பரிசோதனை இருக்கிறது, அது பாசிட்டிவ் ஆனால் தலைவலி இல்லாவிட்டாலும் முதுகுத் தண்டு நீரை எடுத்தே ஆக வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனையை யாரையும் பார்த்து முடிவு செய்யாமல் எல்லோருக்கும் செய்யுங்கள், நோயாளியிடம் தனியாகப் பேசி, சம்மதம் வாங்கி.

சளியில் கேண்டிடா வளர்ந்தது என்று ரிப்போர்ட் வந்தால் பதற வேண்டாம். வாயில் இருப்பது வந்திருக்கிறது. நுரையீரலில் கேண்டிடா நிமோனியா என்பது மிக மிக அபூர்வம். அந்த ரிப்போர்ட்டுக்காக ஃபுளூகோனசோல் எழுதிவிட்டு உண்மையான நோயைத் தேடாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உறுதியான பதில் பிராங்கோஸ்கோபியில் கிடைக்கும். நுரையீரலின் ஒரு பகுதியை உப்பு நீரால் கழுவி, அந்தக் கழுவு நீரைச் சோதிப்பார்கள். இங்கேதான் ஊர் டாக்டரின் பங்கு பெரிது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினாலும் சி.எம்.சி.க்கு அனுப்பினாலும், "நிமோனியா, மேல்சிகிச்சைக்கு" என்று ஒரு வரி எழுதி அனுப்பாதீர்கள். எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது, எவ்வளவு ஸ்டீராய்டு, எத்தனை நாள், நடக்கும்போது ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது, இதுவரை என்ன ஆன்டிபயாடிக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். கழுவு நீரில் நியூமோசிஸ்டிஸ், பூஞ்சை ஸ்மியர், கல்ச்சர், காலக்டோமன்னன், டி.பி.க்கு சிபிநாட் என்ற மரபணுப் பரிசோதனை எல்லாம் பார்க்கும்படி கேளுங்கள். டி.பி.யும் பூஞ்சையும் ஒரே நுரையீரலில் சேர்ந்து குடியிருப்பது உண்டு, ஒன்று கிடைத்ததும் மற்றதைத் தேடுவதை நிறுத்த வேண்டாம். நியூமோசிஸ்டிஸ் சாதாரண கல்ச்சரில் வளராது. அதற்கு வெள்ளிச் சாயம் போட்டோ, பி.சி.ஆர். செய்தோதான் பார்க்க முடியும், அதனால் பெயர் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும்.

திசு எடுத்தால் அதை இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். ஒரு துண்டு ஃபார்மலினில் பேத்தாலஜிக்கு, மற்றது உப்பு நீரில் மைக்ரோபயாலஜிக்கு. என் நோயாளி ஒருவருக்கு ஓரிடத்தில் கஷ்டப்பட்டு எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டார்கள். பூஞ்சை செத்துப்போனது, கல்ச்சர் போட வழியில்லை. நல்ல வேளையாக மைக்ராஸ்கோப்பில் இழைகள் தெரிந்தன. குறுக்குச் சுவரோடு ஒடுங்கிய இழை, கூர்கோணத்தில் கிளை என்றால் ஆஸ்பர்ஜில்லஸ். ரிப்பன் போல அகலமாக, செங்கோணத்தில் கிளை என்றால் மியூக்கர். இவருக்கு ரிப்பன்.

பெயர் தெரிந்தால்தான் மருந்து

இந்த வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், ஒன்றின் மருந்து மற்றதைத் தொடக்கூட இல்லை. வொரிகோனசோல் ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதல் மருந்து, மியூக்கரிடம் அது பலிக்காது. நியூமோசிஸ்டிஸ் பூஞ்சைதான் என்றாலும் அதன் சவ்வில் எர்கோஸ்டிரால் என்ற கொழுப்பு கிடையாது, அதனால் அந்தக் கொழுப்பைக் குறிவைக்கும் ஆம்ஃபோடெரிசினும் வொரிகோனசோல் போன்ற அசோல் மருந்துகளும் அதற்கு வீண். அதைக் கொல்வது, நம் எல்லோர் அலமாரியிலும் கிடக்கிற செப்ட்ரான், அதாவது கோட்ரைமாக்சசோல்.

அளவு: டிரைமெத்தோப்ரிம் கணக்கில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 மி.கி., மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, 21 நாள். 60 கிலோ ஆளுக்கு 900 முதல் 1,200 மி.கி. டபுள் ஸ்ட்ரெங்த் மாத்திரையில் டிரைமெத்தோப்ரிம் 160 மி.கி. இருக்கிறது. ஆக, வேளைக்கு இரண்டு மாத்திரை, மூன்று வேளை. மூச்சுத் திணறல் அதிகமானால் நரம்பு வழியாக. சிறுநீரகம் பழுதானால் குறைக்க வேண்டும். பரிசோதனை முடிவுக்காக மருந்தை நிறுத்தி வைக்க வேண்டாம். மருந்து ஆரம்பித்த பிறகும் பல நாள் கழுவு நீரில் கிருமியைப் பார்க்க முடியும்.

எச்.ஐ.வி. நோயாளிக்கு வெளிக்காற்றில் தமனி ரத்த ஆக்சிஜன் அழுத்தம் 70-க்குக் கீழே என்றால் ஸ்டீராய்டும் சேர்த்தே தர வேண்டும்: பிரெட்னிசலோன் வேளைக்கு 40 மி.கி., இரு வேளை, 5 நாள், பிறகு ஒரு வேளை 40 மி.கி. 5 நாள், பிறகு 20 மி.கி. 11 நாள். எச்.ஐ.வி. மருந்தை, அதாவது ஏ.ஆர்.டி.யை, இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிடலாம். மூளைக் காய்ச்சலோடு கூடிய கிரிப்டோகாக்கஸ் என்றால் மட்டும் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும்.

கோட்ரைமாக்சசோல் இந்த அளவில் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். எனலாப்ரில் போன்ற பி.பி. மாத்திரையோ, மாற்று உறுப்பைக் காக்கத் தரும் டாக்ரோலிமஸோ சேர்ந்தால் இன்னும் ஏறும். நம் ஊரில் உடம்புக்கு முடியாதவரைப் பார்க்க வருகிறவர் கையில் இளநீர் இல்லாமல் வரமாட்டார். இந்த 21 நாளும் இளநீர் வேண்டாம் என்று வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பொட்டாசியம், கிரியாட்டினின், ரத்த அணுக்கள் பாருங்கள். மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர் என்றால் அதை உடனே நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்து மஜ்ஜையை அடித்துவிடும். அந்த அம்மாவின் பொட்டலத்தில் இருந்த மஞ்சள் மாத்திரை மெத்தோட்ரெக்சேட்டாக இருக்குமோ என்று அன்று பயந்தேன். வாங்கிய கடைக்கே மகனை அனுப்பி விசாரித்தோம், ஃபோலிக் ஆசிட் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. சல்ஃபா ஒவ்வாதவர்களுக்கு கிளிண்டாமைசினும் பிரைமாக்வினும் சேர்த்துத் தரலாம், அதற்கு முன் ஜி6பி.டி. என்ற நொதி குறைவா என்று பார்த்துவிட வேண்டும்.

முதல் மூன்று நான்கு நாளில் நோய் கூடுவது போலத் தெரியும். கிருமி சாகும்போது எழும் அழற்சி அது. மருந்து வேலை செய்யவில்லை என்று ஐந்தாறு நாளுக்கு முன் முடிவு கட்டாதீர்கள். திடீரென்று ஒரு பக்கம் நெஞ்சு வலித்து மூச்சு திணறினால் நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறியிருக்கலாம், உடனே எக்ஸ்ரே எடுங்கள்.

ஆஸ்பர்ஜில்லஸுக்கு வொரிகோனசோல்: முதல் நாள் கிலோவுக்கு 6 மி.கி. பன்னிரண்டு மணிக்கொரு தரம் இரண்டு முறை, பிறகு 4 மி.கி. வீதம். உடம்பு தேறியதும் மாத்திரையாக 200 மி.கி. இரு வேளை, குறைந்தது ஆறு முதல் பன்னிரண்டு வாரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ. இந்த மருந்தின் அளவு ஆளுக்கு ஆள் ரத்தத்தில் மாறுபடும், வசதி இருந்தால் ஐந்தாம் நாளை ஒட்டி அளந்து 1 முதல் 5.5-க்குள் வைக்க வேண்டும். பார்வையில் வெளிச்சம் மின்னுவது போலச் சிலர் சொல்வார்கள், மருந்து போட்ட கொஞ்ச நேரத்தில் அது அடங்கும். வெயில் இன்னொரு தொல்லை. இந்த மருந்தில் தோல் சுலபமாக வெந்துபோகும். வேலூர் வெயிலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்திரியில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் பகல் பத்து மணிக்கு மேல் வெளியே போகக் கூடாது, போனால் முழுக்கைச் சட்டையும் குடையும் கட்டாயம்.

வொரிகோனசோலைப் பொறுத்தவரை இரண்டு மோதல்களை எழுதி உங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். டி.பி. மருந்தான ரிஃபாம்பிசினோடு சேர்த்தால் வொரிகோனசோல் ரத்தத்தில் நிற்கவே நிற்காது. சந்தேகத்தில் டி.பி. மருந்து ஆரம்பித்த நோயாளிக்கு இது கொடுத்து, பலனில்லை என்று கைவிரிப்பது இப்படித்தான் நடக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்கு இதன் எதிர்ப்பக்கம்: டாக்ரோலிமஸ் அளவு எகிறிவிடும். வொரிகோனசோல் தொடங்கும் அன்றே டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். மாற்றுச் செய்த ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடாமல் இந்த மாத்திரையைத் தொடாதீர்கள்.

மியூக்கருக்கு லைபோசோமல் ஆம்ஃபோடெரிசின், கிலோவுக்கு 5 மி.கி. தினமும், கூடவே சர்க்கரையையும் கீட்டோனையும் அடக்கி, அறுவை டாக்டரை முதல் நாளே பார்க்க வைப்பது. அழுகிய திசுவுக்குள் ரத்தம் போகாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. ஆம்ஃபோடெரிசினை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், சலைனில் கலந்தால் திரிந்துவிடும். ஆனால் சிறுநீரகத்தைக் காக்க, மருந்துக்கு முன்னால் சலைன் தனியாக ஏற்றலாம், பிறகு லைனை டெக்ஸ்ட்ரோஸால் கழுவிவிட்டு மருந்து. இந்த மருந்தில் பொட்டாசியமும் மெக்னீசியமும் இறங்கும், கோட்ரைமாக்சசோலுக்கு நேர்மாறாக. வீட்டார் குழம்பிப்போவது இங்கேதான், போன ஆளுக்கு இளநீர் வேண்டாம் என்றவர் இவருக்கு ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று. சுகர் நோயாளி என்பதால் பொட்டாசியத்தை மருந்தாகவே அளந்து தந்துவிடுவது நல்லது.

நுரையீரலில் மட்டும் லேசாக உள்ள கிரிப்டோகாக்கஸுக்கு ஃபுளூகோனசோல் தினம் 400 மி.கி., ஆறு மாதம் முதல் ஒரு வருடம். தீவிரமானாலோ தண்டு நீரில் இருந்தாலோ ஆம்ஃபோடெரிசினும் ஃபுளூசைட்டோசினும்.

எந்தப் பூஞ்சையானாலும், எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் மருந்தைக் குறைக்க முடியுமா என்று அதை எழுதிய டாக்டரோடு பேச வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸில் மருந்து ஆரம்பித்த முதல் வாரத்தில் சி.டி.யில் கட்டி பெரிதாகத் தெரியும், வெள்ளணு ஏறும்போது அது இயல்பு. அதனால் மறு சி.டி.யை இரண்டு வாரம் கழித்தே எடுங்கள். அதே சமயத்தில் ரத்த வாந்தி போல இருமலில் ரத்தம் கொட்டவும் கூடும், ஆகையால் அந்த நாட்களில் நோயாளி ஆஸ்பத்திரியில் இருப்பது நல்லது.

இன்னொன்று. டி.பி.யா பூஞ்சையா என்று தெரியாத நிலையில் லெவோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதாதீர்கள். டி.பி. கிருமியை அது அரைகுறையாக அடக்கி, பரிசோதனையில் மறைத்துவிடும்.

வீட்டுக்குப் போன பிறகு

அந்த அம்மாவின் கழுவு நீரில் நியூமோசிஸ்டிஸ் இருந்தது, டி.பி. இல்லை. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு இருந்தார். ஸ்டீராய்டை மூட்டு டாக்டர் படிப்படியாகக் குறைத்தார்.

நோய் தீர்ந்தாலும் எதிர்ப்புச் சக்தி திரும்பும் வரை தடுப்பு மாத்திரை வேண்டும். கோட்ரைமாக்சசோல் டபுள் ஸ்ட்ரெங்த், தினம் ஒன்று, அல்லது வாரம் மூன்று நாள். எச்.ஐ.வி.யில் ஏ.ஆர்.டி. சாப்பிட்டு சி.டி.4 எண்ணிக்கை 200-க்கு மேல் ஏறி மூன்று மாதம் நின்ற பிறகு நிறுத்தலாம். சிறுநீரக மாற்றுக்குப் பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடம். ஸ்டீராய்டோடு இன்னொரு எதிர்ப்புக் குறைப்பு மருந்தும் நீண்ட நாள் எழுதும்போதே இதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், மிகவும் மலிவான மாத்திரை. அதிகம் பேர் மறப்பது இதைத்தான்.

நம் பக்கத்து வீடுகளுக்குச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. வேர்க்கடலை பிடுங்கி உதறுகிற நாட்களில் இந்த நோயாளிகள் களத்துப் பக்கம் போகக் கூடாது. ஈரம் பட்ட கடலையிலும் வைக்கோலிலும் வளர்வது ஆஸ்பர்ஜில்லஸ்தான். வைக்கோல் போர் பிடுங்குவது, மாட்டுக் கொட்டாய் பெருக்குவது, எருக்குழி கிளறுவது வேறொருவர் செய்யட்டும். வீட்டில் சுவர் இடிக்கும் வேலை நடந்தால், முடியும் வரை உறவினர் வீட்டில் தங்க வையுங்கள். வெளியே போகும்போது முகத்தில் ஒட்டிப் பிடிக்கும் என்95 மாஸ்க் உதவும், துப்பட்டாவை முகத்தில் சுற்றுவது உதவாது. மாடியில் புறா அடையும் இடத்தை நோயாளி கழுவ வேண்டாம். புகையிலைத் தூள் பறக்கும் அறையில் பீடி சுற்றுவதைப் பற்றி அந்த அம்மாவிடம் பேசியபோது அவர் ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை, அதுதான் அவர் வீட்டின் சாப்பாடு. இப்போது வாசல் திண்ணையில் காற்றோட்டமாக உட்கார்ந்து, இலை வெட்டும் வேலையை மட்டும் செய்கிறார், தூள் வைத்துச் சுற்றுவது மருமகள்.

வீட்டாரிடம் ஒரு ஆக்சிமீட்டர் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். தினமும் ஒருமுறை உட்கார்ந்து, ஒருமுறை வாசல்வரை நடந்துவிட்டு வந்து பார்த்து, காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதட்டும். நடந்த பிறகு 90-க்குக் கீழே, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சளியில் ரத்தம், விடாத தலைவலி: இதில் எது வந்தாலும் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பி வர வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. வரும்போது மாத்திரைப் பையையும், பேப்பரில் மடித்த பொட்டலம் உட்பட, முழுசாக எடுத்து வர வேண்டும்.